வேலிக்கு ஓணான் சாட்சி

1981ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி பிரித்தானியாவில் இரண்டு சட்டங்களுக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. ஒன்று குடியுரிமைச் சட்டம். இந்த மண்ணில் பிறந்தது என்ற ஒரே காரணத்தால் ஒரு குழந்தை இந்நாட்டுப் பிரசையாகிவிடாது, தாயோ தந்தையோ பிரசையாகவோ நிரந்தர வதிவிடம் உள்ளவராகவோ இருக்கவேண்டும் என்று அது சொன்னது. 1983 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகளின் கடதாசிகளுக்காக அலைந்த எம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றது வனவிலங்குகளையும் நாட்டுப்புறத்தையும் பற்றிய சட்டம். அதன் ஐந்தாம் அட்டவணையில் பெயர் இருக்கும் விலங்குகள் பாதுகாக்கப்படவேண்டியவை. ஒன்பதாம் அட்டவணையில் இருப்பவற்றை வெளியில் திறந்து விடுவதே குற்றம். இரண்டு அட்டவணைகளிலும் ஒவ்வொரு அரணை இருக்கிறது. நான் எழுத எடுத்துக்கொண்டது அந்த இரண்டையும் பற்றி.

அரணை என்பது ஒரு வசதிக்காக. ஆங்கிலத்தில் லிசார்ட் என்ற ஒரு சொல்லுக்குள் அடங்குவதை நாங்கள் பல்லி, ஓணான், அரணை, உடும்பு என்று தனித்தனியாகவே பார்த்து வளர்ந்தோம். இங்குள்ளவை எங்கள் அரணையின் குடும்பம் அல்ல. ஆனால் நீண்ட உடலோடு புல்லுக்குள் வழுக்கி ஓடுவதைக் கண்டால் எங்கள் ஆட்கள் அரணை என்றுதான் சொல்வார்கள். ஆகவே ஒன்றை மணல் அரணை என்றும் மற்றதைச் சுவர் அரணை என்றும் அழைக்கிறேன். (கடிக்குமா என்று கேட்பவர்களுக்கு: அரணை கடித்தால் மரணம் என்பது எங்கள் அரணையைப் பற்றியே பொய்.)

மணல் அரணை ஐந்தாம் அட்டவணைக்காரர். மேற்கு ஐரோப்பாவிலிருந்து மத்திய ஆசியா வரை பரந்து வாழும் இனம் அது. பிரித்தானியா அதன் வடமேற்கு ஓரம். பனியுகம் முடிந்தபின், இந்தத் தீவு ஐரோப்பாவோடு தரையால் தொடுத்திருந்த காலத்தில் இங்கே வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் கடல் ஏறி அந்தத் தரையை மூடிவிட்டது. கடல் மூடுவதற்கு முன் தானாக வந்தது சுதேசி, பின்னர் மனிதன் கொண்டுவந்து விட்டது அந்நியம். இந்த நாட்டு விலங்கியலில் சுதேசி என்ற சொல்லின் பொருள் பெரும்பாலும் இவ்வளவுதான். கதவு பூட்டுவதற்கு முன் உள்ளே வந்தது என்று அர்த்தம்.

வசந்தத்தில் ஆண் அரணையின் விலாப்பக்கம் பச்சையாக மின்னும். பெண் வெயில் விழும் வெறும் மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். முட்டைக்குச் சூடான மணலும், ஒளிந்துகொள்ளப் புதரும் அருகருகே வேண்டும். அப்படிப்பட்ட நிலம்தான் வீடுகளுக்கும் பைன் மரத் தோட்டங்களுக்கும் போய்ச்சேர்ந்தது. பல மாவட்டங்களிலும் வேல்ஸிலும் மணல் அரணை அழிந்துபோயிற்று. இயற்கையாக எஞ்சியவை மூன்று பகுதிகள்: தெற்கே டோர்செற் புதர்வெளிகள், லண்டனுக்குத் தென்மேற்கே சரேயின் புதர்வெளிகள், வடமேற்கே லிவர்பூலுக்கு அப்பால் மேர்சிசைட் கடற்கரையின் மணற்குன்றுகள்.

இந்த மூன்று பகுதி அரணைகளின் டி.என்.ஏ.யையும் ரிரெவர் பீபி, கிரஹாம் ரோ என்ற இரு ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2001இல் எழுதினார்கள். மூன்றும் ஒரே இனம். ஆனால் மரபணுக்களைக் கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறியலாம். (ஊரில் பாடப்புத்தகத்தில் பரம்பரையலகு என்று படித்தோம். அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கும், ஆனால் இன்று யாருக்கும் விளங்காது.) இங்கே அழிந்த இடங்களில் அரணையை மீளக் குடியேற்றுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மதித்தே நடக்கிறார்கள். வட வேல்ஸின் மணற்குன்றுகளில் விடுவதற்கு மேர்சிசைட் வழிவந்த குட்டிகளையே வளர்த்தார்கள். அருகில் உள்ள வழியை அருகிலேயே விடுவது, ஒன்றோடொன்று கலக்காமல் பார்ப்பது அவர்களுடைய முறை.

நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியலை இடையில் விட்டு வந்தவன். இந்த நகரத்தில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் நிற்கிறேன், ஓய்வு நாளில் இப்படிப்பட்டவற்றை வாசிக்கிறேன். வாசிக்கையில் எனக்கு வருகிற கேள்வி விஞ்ஞானக் கேள்வி அல்ல. வித்தியாசம் இருக்கிறது என்று கண்டுபிடித்தாயிற்று. அதிலிருந்து என்ன செய்யவேண்டும் என்பது எப்படிக் கிடைக்கிறது? ‘இருக்கிறது’ என்பதிலிருந்து ‘இருக்கவேண்டும்’ என்பதற்கு ஒருவரும் சொல்லிக்கொள்ளாமல் தாவிவிடுகிறார்கள் என்று ஸ்கொட்லாந்துக்காரரான டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே குறைப்பட்டுக்கொண்டார். அரணையில் அந்தத் தாவல் சின்னது, யாருக்கும் நோகாது. மனிதரில் அதே தாவலில் கிராமங்கள் காலியாகின்றன.

முதலில் அந்த வித்தியாசம் எதனால் ஆனது என்று பார்க்கவேண்டும். ஒரு சாக்கில் குன்றிமணியும் மஞ்சாடியும் புளியங்கொட்டையும் கலந்து இருக்கிறது என்று வைப்போம். கண்ணை மூடி மூன்று பேர் ஆளுக்கொரு பிடி அள்ளுகிறார்கள். ஒருவர் கையில் குன்றிமணி கூட, இன்னொருவர் கையில் மஞ்சாடியே இல்லை. ஒவ்வொரு பிடியிலிருந்தும் திரும்பத் திரும்ப அள்ளிக்கொண்டே போனால் சில தலைமுறைகளில் மூன்று கைகளும் மூன்று வேறு நிறமாகிவிடும். வாழும் கூட்டம் சிறுத்து, மற்றதோடு தொடர்பு அறுந்தால் மரபணுக்களுக்கு நடப்பது இதுதான். அந்த இடத்தின் மண்ணுக்கும் வெயிலுக்கும் பொருந்தி உண்டான வித்தியாசமும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் துண்டுபட்ட சிறு கூட்டங்களிடையே நாம் காணும் தனித்துவத்தில் பெரும் பங்கு, ஒவ்வொன்றும் எதை இழந்தது என்பதன் கணக்கு. டோர்செற்றிலும் மேர்சிசைட்டிலும் இருப்பவை தாங்களாக வேறுபட நினைத்தவை அல்ல. இடையில் இருந்தவை அழிந்துபோனதால் வேறானவை.

இழப்பு ஓர் அளவுக்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதைச் சுவீடனில் பார்த்தார்கள். அங்கும் மணல் அரணை சிறு சிறு எச்சங்களாகத்தான் இருக்கிறது. மற்ஸ் ஒல்சனும் தோமஸ் மட்சனும் அவர்களோடு வேலை செய்தவர்களும், நெருங்கிய உறவுக்குள் கூடிய அரணைகளுக்கு ஊனமான குட்டிகள் பொரிப்பதைக் கண்டார்கள். பெண் அரணை பல ஆண்களோடு கூடுகிறது. ஆனால் உறவில் தூரமான ஆணின் விந்துக்கே கூடுதலான குட்டிகள் பிறக்கின்றன என்று 1996இல் எழுதினார்கள். அரணையின் உடலே அயலானைத் தெரிந்தெடுக்கிறது. (எங்கள் கலியாணத் தரகர்களுக்கு இதைச் சொல்லவேண்டும்.)

அதே மட்சன் செய்த இன்னொரு காரியம் பாம்பைப் பற்றியது, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. சுவீடனின் தென்முனையில் ஸ்மிகேஹுக் என்ற இடத்தில் ஒரு சிறு விரியன் கூட்டம் உள்ளுக்குள்ளேயே இனம்பெருக்கி அழிந்துகொண்டிருந்தது. 1992இல் வேறிடத்திலிருந்து 20 ஆண் விரியன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். நான்கு இனப்பெருக்கப் பருவங்கள் கழிந்தன. எஞ்சியிருந்த எட்டையும் பிடித்துப் பழைய இடத்துக்கே கொண்டுபோனார்கள். அவை விட்டுச்சென்ற குட்டிகளால் கூட்டம் மளமளவென்று பெருகியது. பாதுகாப்பு விஞ்ஞானத்தில் இதை ஒரு வெற்றிக்கதையாகச் சொல்கிறார்கள், வெற்றிதான். ஒப்பந்தக் கூலியாக வளைகுடாவில் நின்று திரும்பிய எவருக்காவது இதை வாசித்துக் காட்டினால் வேறு மாதிரிக் கேட்கும்.

இனி ஒன்பதாம் அட்டவணைக்காரர். சுவர் அரணை தெற்கு ஐரோப்பாவின் கல்மதில்களில் வெயில் காயும் பிராணி. ஆட்கள் வளர்க்கக் கொண்டுவந்தார்கள். சில தப்பின, சில வேண்டுமென்றே விடப்பட்டன. இப்போது வைற் தீவில் வென்ற்னரிலும், போர்ட்லாந்தின் கற்சுரங்கங்களிலும், போர்ண்மத் கடற்கரை மேட்டிலும், இன்னும் பல இடங்களிலும் குடிகளாக வாழ்கின்றன. சோசோஸ் மிக்கேலிடெஸ், ஜெஃப்ரி வைல், ரோபியாஸ் உல்லர் என்ற ஆய்வாளர்கள் இவற்றின் டி.என்.ஏ.யை ஐரோப்பாவில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பூர்வீகம் சொன்னார்கள். சில கூட்டங்கள் இத்தாலி வழி, சில பிரான்ஸ் வழி.

ஜேர்சித் தீவில் இதே சுவர் அரணை சுதேசி. பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில், இந்த நாட்டு முடியின் கீழ் உள்ள சிறு தீவு அது. அங்கிருந்து ஒரு கடலைத் தாண்டினால் அதே பிராணி ஒன்பதாம் அட்டவணை.

இவற்றின் முட்டைகளைப் பற்றி 2015இல் வந்த ஆய்வு என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. இங்கிலாந்தின் மண் குளிர். தெற்கு வெயிலுக்கு ஏற்ற முட்டை இங்கே பொரிக்கப் பிந்தும், பிந்திப் பிறந்த குட்டி மாரியைத் தாண்டாது. ஆய்வாளர்கள் இரண்டு நாட்டு அரணைகளையும் ஒரே சூழலில் வைத்துப் பார்த்தார்கள். இங்கிலாந்தில் பல தலைமுறை வாழ்ந்தவை முட்டையைக் கூடுதல் நாள் வயிற்றில் வைத்திருந்து இடுகின்றன, முட்டைக்குள் கருவும் குளிரில் விரைவாக வளர்கிறது. இத்தாலி வழி, பிரான்ஸ் வழி இரண்டும் தனித்தனியாகவே இதே மாற்றத்துக்கு வந்திருக்கின்றன. கதவு பூட்டியபின் வந்தவற்றின் உடலுக்குள் இந்த நாட்டு மண் சில பத்தாண்டுகளில் எழுதிவிட்டது. இப்போது இத்தாலிக்குத் திருப்பி அனுப்பினால் அங்கே அவை வேறு மாதிரியான அரணைகள்.

போன கோடையில் வேலையிடத்து ஆட்கள் ஒரு வானில் போர்ண்மத் கடற்கரைக்குப் போனோம். மேட்டுச் சுவரில் இவற்றைக் காட்டிக் கதையைச் சொன்னேன். எங்களுக்குள் மூத்த அண்ணை ஒருவர், தண்டூரி அடுப்பில் நிற்பவர், சொன்னார்: “அப்ப இதுகும் எங்களைப் போலத்தான் தம்பி, களவாய் வந்து பிழைச்சுக் கிடக்குது.” எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த ஒப்புவமையை நான் ஏற்கவில்லை. அகதிகளைப் பற்றி நல்லெண்ணத்தோடு எழுதும் வெள்ளைக்காரரும் இதைச் செய்கிறார்கள், எங்களுக்கும் அது இனிக்கிறது. அரணையை யாரும் ஷெல் அடித்துத் துரத்தவில்லை. இன்னொன்று, சுவர் அரணையால் மணல் அரணைக்கு இடைஞ்சல் என்று அஞ்சுகிறவர்கள் இனவாதிகள் அல்ல. ஒரே மேட்டில் ஒன்று பெருகும்போது மற்றது குறையுமா என்பது நிலத்தில் இறங்கி எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி. ஒப்புவமையில் மயங்கினால் எண்ண மாட்டோம்.

அந்த ஒப்புவமையை இந்த நாட்டு அரசாங்கம் மெய்யாகவே செய்து பார்த்தது. 2009இல் எல்லை முகவரகம் ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தைத் தொடங்கியது. அகதி விண்ணப்பதாரரின் வாயிலிருந்து எச்சில் எடுத்து டி.என்.ஏ., தலைமயிரிலும் நகத்திலும் இருந்து ஐசோடோப்பு. அதைக் கொண்டு அவர் உண்மையில் எந்த நாட்டவர் என்று அறிவதாகச் சொன்னார்கள். சோமாலியர் என்று சொல்லி வருபவர் கென்யரோ என்று பிடிப்பதே முதல் நோக்கம். டி.என்.ஏ. கைரேகையைக் கண்டுபிடித்த அலெக் ஜெஃப்ரிஸ் உட்பட விஞ்ஞானிகள் கடுமையாக எதிர்த்தார்கள். 2011இல் திட்டம் கைவிடப்பட்டது.

விஞ்ஞானிகளின் எதிர்ப்பு நியாயமானது. சோமாலியாவுக்கும் கென்யாவுக்கும் இடையிலான கோட்டை ஐரோப்பியர் வரைந்தார்கள், இரண்டு பக்கமும் ஒரே மக்கள், இரத்தத்தில் அந்தக் கோடு இல்லை. ஆனால் அந்த எதிர்ப்பு அரைவாசித் தூரம்தான் போகிறது. பரிசோதனை பிழையானது, ஆகவே செய்யாதே என்கிறது அது. நாளைக்குப் பிழையில்லாத பரிசோதனை வந்தால்? ஒருவரின் பாட்டன் எந்தப் பள்ளத்தாக்கில் மாடு மேய்த்தான் என்று துல்லியமாகச் சொல்லும் பொறி வந்தால்? அப்போதும் நேற்று யார் அவர் வீட்டை எரித்தார்கள் என்று அந்தப் பொறிக்குத் தெரியாது. அகதி விண்ணப்பத்தில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஊரில் சொல்வார்கள். ஓணான் வேலியிலேயே இருப்பது, அது வேலிக்காகத்தான் சாட்சி சொல்லும் என்பது பொருள். யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டையில் தலைமுறைகள் நீதிமன்றம் ஏறிய எங்களுக்கு இதன் சுவை தெரியும். இப்போது வேலிக்காரர்கள் எல்லோரும் ஓணானை மரபணுவோடு கூண்டில் ஏற்றுகிறார்கள். ஓணானின் உண்மையான மரபணுவும் வேடிக்கையானதுதான். இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை ஒரே இனம் என்று நினைத்திருந்த தோட்டத்து ஓணான் உண்மையில் பல இனங்கள் என்று 2021இல் பிரித்தார்கள். புதுச்சேரிப் பக்கத்து ஓணானே பழைய பெயருக்கு உரியது என்று வைத்தார்கள். கல்கத்தா ஓணான் வேறாயிற்று. இலங்கை ஓணான் தென்னிந்திய ஓணானோடே நின்றது. எங்கள் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுத் தொப்புள்கொடி உறவு என்று மகிழ்ந்தார். கண்டி மலைக்காடுகளில் இலங்கைக்கே உரிய ஓணான் இனங்கள் பல இருப்பதைச் சொன்னபோது அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை.

மனிதரைப் பற்றியும் ஆய்வுகள் வருகின்றன. சிங்களவரும் இலங்கைத் தமிழரும் மரபணு ரீதியில் மிக நெருங்கியவர்கள் என்று 2023இல் ஓர் ஆய்வு சொன்னது. மனித வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று ரிச்சர்ட் லெவொன்ரின் 1972இலேயே கணக்கிட்டார். நல்ல மனிதர்கள் இவற்றைப் பரப்புகிறார்கள்: பாருங்கள், நாங்கள் எல்லோரும் ஒன்று, பிறகேன் சண்டை? நான் கேட்பது, வேறாக இருந்திருந்தால்? ஆய்வு மறுபக்கம் விழுந்திருந்தால் 83 ஜூலை சரியாகிவிடுமா? ஒருவரைக் கொல்லக்கூடாது என்பதற்கு அவர் என் இரத்தம் என்பது காரணமானால், என் இரத்தம் அல்லாதவரை என்ன செய்வதாக உத்தேசம்? ஒற்றுமையைக் காட்டி நியாயம் கேட்பவரும் வேற்றுமையைக் காட்டி நிலம் கேட்பவரும் ஒரே சாட்சியைத்தான் கூப்பிடுகிறார்கள்.

எனக்கும் இரண்டு வாய் இருக்கிறது. லண்டனில் வந்தவருக்கும் உரிமை உண்டு என்கிறேன். ஊரைப் பற்றிக் கதைக்கும்போது குடியேற்றம், பூர்வீகம், பாரம்பரிய நிலம் என்கிறேன். இரண்டும் பொய்யில்லை என்றே நினைக்கிறேன், ஆனால் இரண்டையும் சேர்த்துத் தாங்குவது பூர்வீகமாக இருக்க முடியாது. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். பூர்வீகம் சரியாகத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களுடைய பாட்டன் பாட்டி இந்தியாவிலிருந்து வந்தது உண்மை. அந்த உண்மையைக் கொண்டுதான் தேயிலை நட்ட கைகளைக் கப்பலில் ஏற்றினார்கள்.

1977 வன்செயலில் தப்பி வந்த மலையக மக்கள் முல்லைத்தீவில் கென்ற், டொலர் பண்ணைகளில் குடியேறினார்கள். 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட்டு அங்கே சிங்களக் கைதிகள் குடும்பங்களோடு குடியிருத்தப்பட்டார்கள். அந்த நவம்பரில் புலிகள் அங்கே புகுந்து அறுபது பேரளவில் கொன்றார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. சுற்றியுள்ள மணலாறு 1988இல் வெலிஓயா ஆயிற்று. அந்த நிலத்தில் அரசு செய்தது அநியாயம் என்று சொல்ல எனக்கு ஆதி குடிகள் யார் என்ற ஆராய்ச்சி தேவைப்படவில்லை. இருந்தவரைத் துப்பாக்கியால் எழுப்பியது போதும். அதே காரணத்தால் நவம்பரில் நடந்ததற்கும் என்னிடம் சமாதானம் இல்லை.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது மரபணுவும் மொழியும் எந்த வேலியும் போட்டிருக்கவில்லை. யாழ்ப்பாண நகரில் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். அதுவும் 30ஆம் திகதி. என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவன் அதற்கு அடுத்த வருடம் புத்தளத்து முகாமில் பிறந்தவன். 2010இல் தகப்பனோடு சோனகதெருவுக்கு வந்து தங்கள் வளவைப் பார்த்ததைச் சொன்னான். கூரை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. இவன் கதைத்த தமிழைக் கேட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற ஒருவர், “நீங்கள் புத்தளம் ஆக்களோ?” என்று கேட்டிருக்கிறார். வடிவாக, மரியாதையாகத்தான் கேட்டார் என்றான். தகப்பன் மறுமொழி சொல்லவில்லை. உறுதியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், அதைத் திறந்து அந்த மனிதரிடம் நீட்டினார்.